நகர மறுத்த லீவர்

சாதகர்கள் தங்கள் குறையைச் சொல்ல வரும்போது, பெரும்பாலும் ஒரே குறையையே வெவ்வேறு சொற்களில் சொல்கின்றனர். "சுவாமிஜி, கோபப்படக் கூடாது என்று காலையில் பூஜையறையில் உறுதி எடுத்துக்கொள்கிறேன். அலுவலகம் போய்ச் சேருவதற்குள் அது உடைந்துவிடுகிறது" என்பார் ஒருவர். "விரல் ஜபமாலையை உருட்டுகிறது; மனமோ கடைத்தெருவில் நிற்கிறது" என்பார் மற்றொருவர். நினைப்பது ஒன்று, நடப்பது வேறொன்று என்பதே இரண்டிற்கும் பொருள். நல்லதை விரும்பும் மனிதனின் கைக்கு அவனுடைய கருவிகளே கட்டுப்படாமல் போவது பெரும் வேதனை. இந்த வேதனையைப் பற்றிச் சாஸ்திரங்களில் பல முறை படித்திருந்தேன். அதை எனக்குத் தெளிவாக விளக்கியவர்கள் ஒரு சிறுவனும் அவனுடைய தாத்தாவும்.

ரயிலுக்குள் ஒரு ரயில்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஹௌராவிலிருந்து தெற்கு நோக்கிப் பயணம் செய்துகொண்டிருந்தேன். கரக்பூரில் ஒரு குடும்பம் என் எதிர் இருக்கைகளில் வந்தமர்ந்தது. முதியவர் ஒருவர், அவருடைய மகன், மருமகள், பத்து வயதுப் பேரன். அவர்கள் தெலுங்கு பேசுபவர்கள். ரயில்வே பணியை நாடி வந்து கரக்பூரிலேயே தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்ட ஆந்திரக் குடும்பங்கள் அங்கு மிகுதி. முதியவரும் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எங்கள் உரையாடல் இந்தியில் நடந்தது.

சிறுவன் அமர்ந்ததும் தந்தையின் கைப்பேசியை வாங்கி ஒரு விளையாட்டில் ஆழ்ந்தான். அதுவும் ரயில் விளையாட்டே. திரையின் நாற்புறமிருந்தும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்களில் சிறு வண்டிகள் வருகின்றன. ஒவ்வொன்றையும் அதன் நிறமுள்ள நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தண்டவாளங்கள் பிரியும் இடங்களில் விரலால் தொட்டால் தடம் மாறும். தொடக்கத்தில் வண்டிகள் மெதுவாக ஒவ்வொன்றாக வருகின்றன. பிறகு இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக, வேகம் கூடிக்கொண்டே போகிறது. இரு வண்டிகள் மோதினாலோ, நிறம் மாறி நுழைந்தாலோ ஆட்டம் முடிந்தது.

கால் மணி நேரத்திற்குள் சிறுவனின் முகம் சிவந்துவிட்டது. "நான் சரியாகத்தான் தொடுகிறேன், இது கேட்கவில்லை!" என்று கத்தினான். மூன்றாம் முறை ஆட்டம் முடிந்தபோது கைப்பேசியை இருக்கையில் ஓங்கி எறிந்தான். தந்தை அதட்டினார். தாய் பரிந்து பேசினார். அவன் அழுகையை அடக்க முயன்று, முடியாமல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிறுவனை ஆறுதல்படுத்த எண்ணி, "எங்கே, எனக்கும் கற்றுக் கொடு பார்க்கலாம்" என்று கைப்பேசியை வாங்கினேன். அவன் சொன்னது பொய்யில்லை. தடம் மாறும் இடங்கள் விரல் நுனியைவிடச் சிறியவை. ஒன்றைத் தொட்டால் பக்கத்திலிருப்பது மாறுகிறது. தொட்டது உடனே மாறாததால் மீண்டும் தொடுகிறோம். முதல் தொடுதல் தாமதமாகப் பலித்து, இரண்டாம் தொடுதல் அதைப் பழைய நிலைக்கே திருப்பிவிடுகிறது. திரையைத் தொடும் விரலே வரும் வண்டியை மறைத்துவிடுகிறது. வண்டி தடமாற்றியின்மேல் ஏறிவிட்ட பிறகு எத்தனை முறை தொட்டாலும் பயனில்லை.

நான் விளையாடத் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். தேநீர் விற்பவர் அருகில் வந்து, "சாய், மகராஜ்?" என்று அன்போடு கேட்டார். நான் தலை நிமிராமலே, "இப்போது வேண்டாம், போ!" என்றேன். அந்தக் குரலை நானே கேட்டேன். அது என் குரல்தான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காவியுடுத்தி, மனத்தை அடக்குவது பற்றிய நூல்களை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவனின் குரல். நிமிர்ந்து பார்த்தபோது தேநீர்க்காரர் அடுத்த பகுதிக்குப் போய்விட்டிருந்தார். முதியவர் மட்டும் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏளனம் இல்லை. ஒரு பழைய அனுபவம் இருந்தது.

தேரும் கடிவாளமும்

கடோபநிஷத்தில் நாம் அனைவரும் அறிந்த ஓர் உவமை வருகிறது. உடல் ஒரு தேர். ஆத்மா தேரில் அமர்ந்திருப்பவர். புத்தி தேரோட்டி. மனம் கடிவாளம். புலன்கள் குதிரைகள். உலகப் பொருள்கள் அவை ஓடும் பாதைகள். விவேகமின்றி, மனத்தை எப்போதும் ஒருமைப்படுத்தாமல் இருப்பவனுக்குப் புலன்கள் முரட்டுக் குதிரைகள்போல அடங்குவதில்லை என்றும், விவேகமுடையவனுக்கு அவை நல்ல குதிரைகள்போல வசப்படுகின்றன என்றும் உபநிஷதம் தொடர்கிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கடிவாளம் சரியில்லை என்று தேரோட்டி புலம்பலாம்; குதிரை சரியில்லை என்றும் புலம்பலாம். ஆனால் கடிவாளத்தைப் பிடித்திருப்பது அவனேதான். சிறுவன் கைப்பேசிமேல் கோபம் கொண்டான். அவனுடைய கட்டளையை அந்த விளையாட்டு கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதே நேரத்தில் அவனுடைய கையும் நாவும் முகமும் அவனுக்குக் கட்டுப்படாமல் போயின. வெளியே உள்ள கருவி பழுது என்று கூவும்போது உள்ளே உள்ள கருவி நழுவியதை அவன் அறியவில்லை. பத்து வயதுச் சிறுவன் அறியாதது இயல்பு. எனக்கும் அதே கதி நேர்ந்தது என்பதே நான் இங்கே சொல்ல வந்தது.

இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டு, நன்றாக அமைக்கப்பட்ட வேறொன்றைத் தேடிக்கொள்ளலாம். மனத்தை நீக்கிவிட்டு வேறு மனம் வாங்க இயலாது. இருப்பதைத்தான் பழக்க வேண்டும். அர்ஜுனனும் கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் மனத்தை அடக்குவது காற்றை அடக்குவதுபோல் அரிது என்று முறையிடுகிறான். பகவான் அதை மறுக்கவில்லை. அரிதுதான் என்று ஒப்புக்கொண்டு, பயிற்சியாலும் வைராக்கியத்தாலும் அது கைகூடும் என்கிறார். நம் குறையை நாம் சொல்லும்போது முதலில் அதை ஒப்புக்கொள்ளும் குருவே நமக்குத் தேவை.

முதியவர் சொன்ன கதை

பாலசோருக்கு முன்னால் ஒரு சிறிய நிலையத்தருகே எங்கள் வண்டி நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆயிற்று. பெட்டி முழுவதும் முணுமுணுப்பு எழுந்தது. "ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?" என்று ஒருவர் கடிந்துகொண்டார். சிறுவனும், "தாதய்யா, ஏன் போகவில்லை?" என்று தாத்தாவைக் கேட்டான்.

முதியவர் அவனை அருகில் இழுத்துக்கொண்டார். பேரனையும் "நான்னா" என்று அழைப்பது தெலுங்கர் வழக்கம்.

"நான்னா, உன் ஆட்டத்தில் தொட்டால் மாறவில்லை என்று அழுதாயே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் ஒரு லீவர் அப்படித்தான் செய்தது" என்று தொடங்கினார்.

1970களில் ஒரு சிறிய நிலையத்தின் கேபினில் அவர் லீவர்மேனாக இருந்தார். கேபின் என்பது இருப்புப்பாதையை நோக்கிய உயரமான அறை. அதில் இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். சிவப்பு வண்ணம் பூசியவை வண்டியை நிறுத்தும் கைகாட்டிகளுக்கு உரியவை. கறுப்பு, தடம் மாற்றும் பாயின்ட்களுக்கு. நீலம், பாயின்ட்களைப் பூட்டுவதற்கு. வெள்ளை பூசியவை பயன்படுத்தப்படாமல் நிற்பவை. கேபினிலிருந்து நீண்ட இரும்புக் கம்பிகள் பாயின்ட் வரை செல்லும். லீவரை இழுக்க முழு உடல் வலுவும் வேண்டும்.

ஒருநாள் இரவு வீட்டில் யாருடனோ பெரும் சண்டை. அந்தக் கோபத்தோடேயே பணிக்கு வந்திருந்தார். மெயின் லைனில் வரவேண்டிய எக்ஸ்பிரஸ் வண்டிக்காகப் பாயின்ட்களைப் பூட்டிக் கைகாட்டியை இறக்கி வைத்தார். லூப் லைனில் ஒரு சரக்கு வண்டி காத்திருந்தது. மனம் முழுவதும் வீட்டுச் சண்டை. எதிர்த்திசையில் ஒரு வண்டி தடதடவென்று கடந்த ஓசையைக் கேட்டு, எக்ஸ்பிரஸ்தான் போய்விட்டது என்று எண்ணிக்கொண்டார். கைகாட்டி லீவரைத் திருப்பி வைக்கவும் மறந்து, சரக்கு வண்டியை வெளியே விடுவதற்காகப் பாயின்ட் லீவரை இழுத்தார். அது நகரவில்லை.

"எண்ணெய் போடாத இரும்பு என்று அதைத் திட்டினேன், சுவாமிஜி. இரண்டு கைகளாலும் பிடித்து, காலை ஊன்றி இழுத்தேன். அசையவில்லை. அதைக் காலால் உதைத்தேன். பிறகுதான் பக்கத்தில் சிவப்பு லீவர் இன்னும் இழுத்த நிலையிலேயே நிற்பதைப் பார்த்தேன். கை நடுங்கிப் போயிற்று. சில நிமிடங்களில் எக்ஸ்பிரஸ் முழு வேகத்தில் என் கேபினுக்குக் கீழே கடந்து போனது. அதன் சன்னல்களில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்."

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவர் பேரனின் தலையைத் தடவி, "அன்று அந்த லீவர் நான் சொன்னதைக் கேட்டிருந்தால் உன் தாதய்யா இன்று மனிதனாக இருந்திருக்கமாட்டேன், நான்னா" என்றார்.

இரும்பு காட்டிய கருணை

அந்த லீவர் ஏன் நகரவில்லை? ரயில்வேயில் இதற்கு இன்டர்லாக்கிங் என்று பெயர். நம் நாட்டில் முதல் பயணி ரயில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தாணே வரை 34 கிலோமீட்டர் ஓடியது. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1856இல், இங்கிலாந்தில் ஜான் சாக்ஸ்பி என்பவர் பாயின்ட்டையும் கைகாட்டியையும் ஒன்றோடொன்று பிணைக்கும் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதன் கருத்து எளியது. பாயின்ட் சரியான திசையில் திரும்பிப் பூட்டப்படாதவரை, 'வரலாம்' என்று கைகாட்டியால் சொல்ல இயலாது. 'வரலாம்' என்று ஒருமுறை சொல்லிவிட்ட பிறகு, அந்தக் கைகாட்டியைத் திருப்பி வைக்காதவரை பாயின்ட்டை அசைக்க இயலாது. ஒன்றுக்கொன்று முரணான இரண்டு ஆணைகளை ஒரே நேரத்தில் கொடுக்க அந்த இரும்பு இடம் தராது.

இதற்கு மேலும் ஒரு காவல் உண்டு. பாயின்ட்டை ஒட்டித் தண்டவாளத்தின் பக்கத்தில் நீண்ட இரும்புப் பட்டை ஒன்றைப் பொருத்துவார்கள். பூட்டைத் திறக்க வேண்டுமானால் அந்தப் பட்டை மேலெழ வேண்டும். வண்டியின் சக்கரங்கள் மேலே இருக்கும்போது அது எழ முடியாது. ஆகவே வண்டி கடந்து முடியும்வரை யாரும் தடத்தை மாற்ற முடியாது. பிற்காலத்தில் இதே வேலையை மின்சுற்றுகள் ஏற்றுக்கொண்டன.

இதைக் கண்டுபிடித்தவர்கள் மனிதனை நன்கு அறிந்தவர்கள். ஊழியன் நல்லவனாயினும் ஒருநாள் களைத்திருப்பான், ஒருநாள் கோபத்திலிருப்பான், ஒருநாள் அவசரப்படுவான் என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஒருநாளில் அவனுடைய கையைத் தடுத்து நிறுத்தும் ஒன்றை அவன் தெளிவாக இருந்த நாளிலேயே அமைத்துவைத்தார்கள்.

நம் முன்னோர் வகுத்த நியமங்களும் விரதங்களும் இத்தகையவையே. உண்மையையே பேசுவது என்ற உறுதி, பிறர் பொருளைத் தொடாமை, சில சொற்களை எந்நிலையிலும் வாயில் எடுக்காமை, பெரியோர் முன்னிலையில் குரல் உயர்த்தாமை ஆகிய கட்டுப்பாடுகள் அமைதியான நாளில் தேவையற்றவை போலத் தோன்றும். இளைஞர்கள் சில வேளை எரிச்சலோடு கேட்பார்கள்: "ஏன் இத்தனை தடைகள்? என் விருப்பப்படி வாழ விடக்கூடாதா?" அவர்களுக்கு அந்த முதியவரின் கதையையே சொல்ல விரும்புகிறேன். கை இழுக்கும்போது நகர மறுக்கும் லீவர் எல்லாம் பழுதானது என்று எண்ணிவிடாதீர்கள். நாம் இழுத்த திசை பிழையாக இருக்கலாம். ஆண்டவனிடம் எத்தனையோ முறை ஒன்றை வேண்டி, அது கிடைக்காமல் அவரைக் கடிந்துகொண்டிருக்கிறோம். கடந்து போன வண்டியை நாம் பார்க்கவில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, ஒரு கட்டுப்பாடு நம்மை எரிச்சலூட்டும்போது முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: என் நல்ல எண்ணத்தை இது நிறைவேற்றாமல் தவறுகிறதா, அல்லது என் தவறான எண்ணத்துக்கு இது துணைபோக மறுக்கிறதா? முதலாவதானால் கருவியைச் செப்பனிட வேண்டும். இரண்டாவதானால் கைகூப்ப வேண்டும். இந்தப் பாகுபாட்டைச் செய்யும் ஆற்றலையே விவேகம் என்கிறோம்.

எந்த இடத்தில் தடம் மாற்றுவது?

ரயில் எஞ்சினைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்க்காத ஒரு செய்தி உண்டு. அதற்குத் திசைமாற்றும் சக்கரம் கிடையாது. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். இடமா வலமா என்பது அவர் கையில் இல்லை. வண்டி வருவதற்கு முன்பே தரையில் பாயின்ட் எப்படி அமைக்கப்பட்டதோ அந்தப் பக்கமே அது போகும். வாழ்வில் நம் உணர்ச்சிகளும் பெரும்பாலும் இவ்வாறே ஓடுகின்றன. கோபம் வந்துவிட்ட பிறகு அதைத் திருப்ப முயல்வது, சக்கரம் ஏறிய பாயின்ட்டைத் திருப்ப முயல்வது போன்றது.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் 62, 63ஆம் சுலோகங்களில் வீழ்ச்சியின் படிகளைப் பகவான் வரிசைப்படுத்துகிறார். பொருள்களை மனம் திரும்பத் திரும்ப நினைக்கிறது, அதனால் பற்று. பற்றிலிருந்து ஆசை. ஆசையிலிருந்து கோபம். கோபத்திலிருந்து மதிமயக்கம். அதிலிருந்து நினைவுக் குழப்பம். அதிலிருந்து புத்தியின் அழிவு. முடிவில் மனிதனே அழிகிறான். இதை ஒரு வழித்தடமாக எண்ணிப் பாருங்கள். இது எட்டு நிலையங்கள் கொண்ட பாதை. கோபம் நான்காம் நிலையம். நம்மில் பெரும்பாலோர் அங்கு வந்த பிறகே, சில வேளைகளில் அதையும் தாண்டிய பிறகே, தடத்தை மாற்ற ஓடுகிறோம். அதற்குள் வண்டி முழு வேகம் பிடித்துவிடுகிறது. பாயின்ட் இருப்பது முதல் நிலையத்தில், அதாவது மனம் ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைக்கத் தொடங்கும் இடத்தில்.

என் செயலையே இதற்குச் சான்றாகக் கொள்கிறேன். தேநீர்க்காரர் எனக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை. அவர் வந்த கணத்தில் கோபம் பிறக்கவும் இல்லை. அதற்கு முன்பே, அந்த வண்டிகளை எப்படியும் சேர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் பற்றாகி, பற்று ஆசையாகி, ஆசை தடைபட்டு, வண்டி புறப்பட்டுவிட்டிருந்தது. அவர் அந்தத் தண்டவாளத்தைக் கடந்தவர், அவ்வளவே. வீட்டில் நம் கோபத்துக்கு ஆளாகும் பிள்ளைகளும் மனைவியரும் முதியோரும் பெரும்பாலும் இப்படித் தண்டவாளத்தைக் கடந்தவர்களே.

ஐந்தாம் அத்தியாயத்தின் 23ஆம் சுலோகத்தில் பகவான் 'வேகம்' என்ற சொல்லையே கையாள்கிறார். ஆசையாலும் கோபத்தாலும் எழும் வேகத்தை, இந்த உடல் விழுவதற்கு முன் இங்கேயே தாங்க வல்லவனே யோகி, அவனே சுகமுடையவன் என்பது அதன் கருத்து. வேகமே எழாதவன் என்று அவர் கூறவில்லை. தாங்க வல்லவன் என்கிறார். வேகத்தில் வெல்வதற்கு வேகமான விரல் உதவாது. வேகம் வருவதற்கு முன்பே அமைக்கப்பட்ட பாதைதான் உதவும்.

5 மில்லிமீட்டர் இடைவெளி

எங்கள் வண்டி மீண்டும் புறப்பட்டு, பாலசோரையும் கடந்தது. சிறிது தூரம் சென்றதும் முதியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சன்னலை நோக்கிக் கைகூப்பினார். பஹானாகா பஜார் நிலையம் கடந்துகொண்டிருந்தது. 2023ஆம் ஆண்டு ஜூன் 2 அன்று மாலை, கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இங்கே லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது. சிதறிய பெட்டிகள் எதிர்த்திசையில் சென்ற மற்றொரு எக்ஸ்பிரஸ் வண்டியின்மேலும் மோதின. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மெயின் லைனில் போகலாம் என்று விளக்கு பச்சை காட்டியது. பாயின்ட்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. சிக்னல் மின்சுற்றில் செய்யப்பட்ட மாற்றங்களில் இருந்த குறைகளே காரணம் என்று விசாரணை கண்டது. ஓட்டுநர் பச்சை விளக்கை நம்பினார். பயணிகள் ஓட்டுநரை நம்பினர்.

இறந்தவர்களை ஒரு நீதிக்கதையாக்க நான் விரும்பவில்லை. அவர்களுக்காகப் பிரார்த்திக்கவே நமக்கு உரிமை உண்டு. ஆனால் பிறருடைய நம்பிக்கையைத் தாங்கி நிற்கும் நாம், அதாவது பெற்றோர், ஆசிரியர், மருத்துவர், அதிகாரி, துறவி ஆகிய அனைவரும், நம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். நம் வாய் காட்டும் விளக்கும் நம் வாழ்வின் பாயின்ட்டும் ஒரே திசையில்தான் இருக்கின்றனவா? மனம், வாக்கு, காயம் மூன்றும் ஒன்றாயிருப்பதைத் திரிகரண சுத்தி என்று நம் பெரியோர் போற்றினர். அது தனிமனிதனின் அழகு மட்டுமன்று. நம்மை நம்பிப் பின்னால் வருபவர்களின் உயிர்க்காவல் அது.

முதியவர் இன்னொன்றும் சொன்னார். பாயின்ட்டின் நகரும் தண்டவாளத்திற்கும் நிலையான தண்டவாளத்திற்கும் இடையே 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு துண்டை வைத்துச் சோதிப்பார்களாம். அந்த அளவு இடைவெளி இருந்தாலே பூட்டு விழக்கூடாது, கைகாட்டி இறங்கக்கூடாது. லீவரை இழுத்தாயிற்று என்பதை ரயில்வே ஏற்றுக்கொள்வதில்லை. தூரத்தில் பாயின்ட் உண்மையாகவே திரும்பி, முழுவதும் ஒட்டி, பூட்டப்பட்டது என்ற செய்தி திரும்பி வந்தாக வேண்டும்.

நம்முடைய உறுதிமொழிகளில் பெரும்பாலானவை இழுக்கப்பட்ட லீவர்கள். பாயின்ட் திரும்பியதா என்று நாம் பார்ப்பதில்லை. 'மன்னித்துவிட்டேன்' என்று சொல்கிறோம். உள்ளே 5 மில்லிமீட்டர் மிச்சமிருக்கிறது. 'இறைவனிடம் ஒப்படைத்துவிட்டேன்' என்கிறோம். அங்கும் 5 மில்லிமீட்டர். அந்தச் சிறு இடைவெளியில்தான் சக்கரம் தடம் புரள்கிறது.

நாம் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் அன்றாட வாழ்வில் எப்படிக் கொண்டுவருவது? சாதகர்களுக்கு மூன்று பயிற்சிகளைச் சொல்லலாம்.

முதலாவது, காலையிலேயே பாதையை அமைத்தல். 'இன்று கோபப்படமாட்டேன்' என்ற பொதுவான உறுதி போதாது. இன்று யாரைச் சந்திக்கப் போகிறேன், எந்த இடத்தில் என் மனம் வழக்கமாகத் தடம் புரள்கிறது என்பதைத் தியானத்தின் முடிவில் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மனிதரை மனக்கண்ணில் கொண்டுவந்து, அவருக்குள்ளும் உறையும் இறைவனை வணங்கிவிட்டே எழ வேண்டும். அவர் வரும்போது பாயின்ட் ஏற்கெனவே திரும்பியிருக்கும்.

இரண்டாவது, பூட்டாமல் கைகாட்டியை இறக்காமை. மனம் ஒரு நிலைக்கு வராதவரை வாய் திறப்பதில்லை என்ற விதியை வைத்துக்கொள்ள வேண்டும். கடுமையான கடிதமாயினும், தொலைபேசியில் தரும் பதிலாயினும், பிள்ளையைக் கண்டிப்பதாயினும், முதலில் இஷ்டநாமத்தை ஒருமுறை முழுக் கவனத்தோடு சொல்லுங்கள். அந்த ஒரு நாமத்தைக் கூடக் கவனத்தோடு சொல்ல முடியவில்லையென்றால், பேசும் தகுதி அந்தக் கணத்தில் நமக்கு இல்லை என்று பொருள்.

மூன்றாவது, இரவில் செய்தி திரும்பி வந்ததா என்று பார்த்தல். காலையில் இழுத்த லீவர்களில் எது பாயின்ட் வரை சென்றது, எது நடுவில் நின்றது என்பதை ஆசனத்தில் அமர்ந்து ஐந்து நிமிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். தவறியதைக் கண்டு புலம்ப வேண்டியதில்லை. கம்பி எங்கே துருப்பிடித்திருக்கிறது என்று தெரிந்துகொள்வதே நோக்கம். அடுத்த நாளின் காலைத் தியானம் அந்த இடத்தைச் செப்பனிடும்.

இவை மூன்றையும் செய்தாலும் சில நாள்களில் தவறுவோம். அப்போது நம்மை நாமே உதைத்துக்கொள்வதும், கைப்பேசியை எறிந்த சிறுவனின் செயலும் ஒன்றே. முதல் தொடுதல் பலிப்பதற்குள் பதறி இரண்டாம் முறை தொட்டு, வந்த பலனையும் கெடுத்துக்கொள்கிறோம். ஜபத்தின் பலன் உடனே தெரியவில்லை என்று வழியை மாற்றுகிறவர்களும், ஆண்டுக்கொரு சாதனையைத் தேடுகிறவர்களும் செய்வது இதுதான். அமைத்த பாதை அமைத்தபடி இருக்கட்டும். வண்டி வந்து சேரும்.

அன்றிரவு தேநீர்க்காரர் மீண்டும் எங்கள் பெட்டி வழியாக வந்தார். நான் எழுந்து நின்று, "மாலையில் உங்களிடம் கடுமையாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள்" என்றேன். அவருக்கு அது நினைவில்கூட இல்லை. அத்தகைய குரல்களை அவர் நாள்தோறும் கேட்கிறார் போலும். அந்த எண்ணம் என்னை இன்னும் வருத்தியது. சிறுவன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். சற்று நேரம் கழித்துத் தன் தந்தையின் அருகில் போய், எறிந்ததற்காக மெல்லிய குரலில் ஏதோ சொன்னான். தந்தை அவனை அணைத்துக்கொண்டார். பிறகு அவன் தாத்தாவின் மடியில் தலை வைத்து, "அந்த லீவர் இப்போது எங்கே இருக்கிறது, தாதய்யா?" என்று கேட்டபடியே உறங்கிப்போனான்.

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். நாம் தவறான திசையில் கை நீட்டும் ஒவ்வொரு முறையும் அசையாமல் நின்று, நாம் திட்டுவதையும் உதைப்பதையும் பொறுத்துக்கொண்டு, நம்மைக் காக்கும் ஒருவர் நம் உள்ளே இருக்கிறார்.

இறைவா, நாங்கள் நல்லதை நாடும்போது எங்கள் கைகள் தவறாதிருக்கட்டும். நாங்கள் தீயதை நாடும்போது உன் கை எங்களுக்கு இடம் தராதிருக்கட்டும். இரண்டையும் பிரித்தறியும் தெளிவை எங்களுக்கு அருள்வாயாக.

ஓம் சாந்தி: சாந்தி: சாந்தி: